கை கோத்த சட்டைகள்

ஞாயிறு காலை பத்தரை.
தோ பாயோவில் மழை விட்டு
இருபது நிமிடம்தான் ஆகிறது.
வானத்தை நம்பி
மூங்கில் கழியை இரண்டு நாற்காலிமேல் கிடத்துகிறேன்.
கிளிப்பு வாளியைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்
மிருதுளா, நாலே முக்கால் வயது,
என் மேலாளரைவிடக் கண்டிப்பானவள்.

பாலர் பள்ளி கொடுத்தனுப்பிய தாள்
குளிர்பெட்டிக் கதவில் தொங்குகிறது.
அதில் ஆறு வாத்துகள், எண்ணப்படாமல்.
அந்தப் பக்கம் போனாலே அவளுக்கு வயிறு வலிக்கும்.
எனக்கும் அப்படித்தான் வலித்தது
கணக்குப் பரீட்சைக் காலைகளில்.
அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

'சட்டைக்கு ரெண்டு' என்கிறேன்.
இந்தத் தோளுக்கு ஒன்று, அந்தத் தோளுக்கு ஒன்று.
பச்சை பச்சை, மஞ்சள் மஞ்சள் என்று நீட்டுகிறாள்.
நிறம் மாறினால் சட்டைக்குக் கோபம் வருமாம்.
மூன்று சட்டை முடிந்தபோது
வாளியின் அடியில் ஒரேயொரு சிவப்பு.
மிச்சம் என் சீருடை.
நாளை இரவு அதுதான்
என்னோடு தண்டவாளத்தில் இறங்க வேண்டும்.
ஒற்றைக் கிளிப்பில் அது
கடைசி ரயிலில் தூங்கி விழுகிறவனைப் போலச் சாய்ந்தது.

நெடுநேரம் பார்த்தாள்.
பிறகு கேட்டாள்:
'அப்பா, இவங்க கையப் பிடிச்சுக்கிட்டா?'

சுகந்தியின் நீலச் சட்டைத் தோள்மேல்
என் சீருடைத் தோள்.
இரண்டுக்கும் சேர்த்து ஒரே சிவப்பு.
அப்படியே கழி நெடுக.
நான்கு சட்டை, ஐந்து கிளிப்பு,
வாளியில் இரண்டு மிச்சம்!
நான் வாயைத் திறக்கவில்லை.
பாராட்டினால் அது பாடமாகிவிடும்.

கழியை வெளியே செருகித் திரும்புவதற்குள்
சன்னல் கம்பி வழியே ஒரு மஞ்சள் நழுவி
ஒன்பது மாடி விழுந்தது.
'இப்ப எத்தனை இருக்கு?'
கேட்டது நான் இல்லை,
எனக்குள் இருந்த பழைய வகுப்பறை.
'ரெண்டு.'
'ஒண்ணு விழுந்துடுச்சேம்மா.'
'ரெண்டுதான்பா. ஒண்ணு இங்க. ஒண்ணு கீழ.'

மின்தூக்கியில் இறங்கினோம்.
ஒன்பது, எட்டு, ஏழு, ஐந்து என்றாள்.
மின்தூக்கி அவசரப்படாமல்
ஆறில் நின்றது.
கதவு திறந்தது. யாரும் இல்லை.
'ஓ, இவன் இங்க இருக்கான்' என்றாள் மிருதுளா.

ஈரப் புல்லில் எங்கள் மஞ்சள் கிடந்தது.
அதன் பக்கத்தில் ஒரு வெள்ளை,
சற்றுத் தள்ளி ஒரு மரக் கிளிப்பு,
சாக்கடை ஓரம் கால் உடைந்த நீலம்.
ஒன்றைத் தேடி வந்தவர்கள்
நான்கோடு நின்றோம்.
எந்தக் கழித்தலில் இப்படி விடை வரும்?

'இதெல்லாம் யாரோ வீட்டு ரெண்டுல ஒண்ணு' என்று
தபால் பெட்டிகளின்மேல் வரிசையாக வைக்கச் சொன்னாள்.
சந்தைப் பையோடு வந்த திருவாட்டி கோ
மரக் கிளிப்பைக் கண்டுகொண்டார்.
பையைக் கீழே வைத்துவிட்டு
யி, எர், சான் என்று விரலால் தொட்டு எண்ணினார்.
மிருதுளா விடவில்லை:
ஒண்ணு, ரெண்டு, மூணு.
இரண்டு பேருக்கும் சரியாக வந்ததில்
இரண்டு பேருக்குமே ஆச்சரியம்.

வாத்துகள் இன்னும் கதவில்தான் இருக்கின்றன.
திங்கள் இரவு
வேலைக்குக் கிளம்பும் வாசலில்
சுகந்தி என் தோளைத் தடவிப் பார்த்தாள்.
'என்ன இது, கிள்ளின மாதிரி ஒரு தடம்?'
அவள் நீலச் சட்டையிலும் இருந்தது,
அதே அளவு,
என் பக்கத்துத் தோளில்.