உறவுமுறை

முரசுமோட்டை மில்லில் பொயிலர் வெடித்தபோது
அமுக்கமானியின் முள் நாற்பதில் நின்றது.
மாரிக்கு முதலே அது அங்கேதான் நின்றது.
எல்லோருக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும். சாப்பாடு கொண்டுபோகும் நாட்களில்
என் மனுசன் அதை விரலால் தட்டிக் காட்டுவார்,
நித்திரையான பிள்ளையைத் தட்டுவதுபோல.

ஆறு பேர்.
அவித்த நெல் மணம் மூன்று நாளாய்ப் போகவில்லை.

கொழும்புக் கொம்பனி இரண்டு வருசம் இழுத்து
ஒரு வெள்ளிக்கிழமை, தொழில் கந்தோரில்
தலைக்கு இவ்வளவு என்று முடித்தது.
ஐந்து பேருக்கு நாங்கள் கையெழுத்து வைத்தோம்.
தம்பியின் பங்கில் எமிலியான் உழவு மெசின் வாங்கினான். சரிதான்.
அற்புதராணி மகளுக்குச் சீதனம் கட்டினாள்,
அதற்கும் நான் குறை சொல்லேன்.
நான் கூரைக்குத் தகடு போட்டேன்.
மழை பெய்தால் அவருடைய விலை சத்தம் போடும்.

ஆறாவது ஆள் சன்னாசி.
எழுபத்தேழில் மாத்தளைப் பக்கமிருந்து
தகப்பனின் தோளில் வந்தவனாம்.
தோளையும் மற்றவர்களையும் கடைசிச் சண்டையில் விட்டவன்.
அடையாள அட்டையில் முகவரி: மில்.
உறவுமுறை என்ற பெட்டி வெறுமையாய்க் கிடந்தது.
ஒரு வருசத்துக்குள் ஆள் வராவிட்டால்
காசு கொம்பனிக்கே திரும்பும் என்றார் எழுதுவினைஞர்.
ஆளில்லையென்றால் பதிந்த சங்கமாவது வேண்டுமாம்.

அன்றிரவு எமிலியானின் மெசின் பெட்டியில் ஏறி இருந்து
சண்டை பிடித்தோம்.
பன்னிரண்டு மணிக்குச் சங்கம் பிறந்தது.
தனாதிகாரி நான்,
எட்டாம் வகுப்புவரை கணக்குக்கு நல்ல புள்ளி.
படிவத்தில், உறவுமுறை: ஊர் என்று எழுதினேன்.
வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன்.
வெட்டின கோட்டுக்குக் கீழே இன்னும் வாசிக்கலாம்.

முதற்செலவு, மாத்தளை போய்வர பஸ் காசு.
இரண்டு தோட்டம், ஒரு கோயில், ஒரு தவறணை.
சன்னாசிகள் தாராளம்,
அவனுடைய ஆட்கள்தான் இல்லை.

பிறகுதான் மற்றதெல்லாம்.
மில்லுகளின் பொயிலர் பார்க்க வருசமொருமுறை ஒரு எஞ்சினியர்,
நிமலேந்திரனின் செயற்கைக் கால்,
கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு வான்.
கம்பஸ் போன பிள்ளைகள் இரண்டு,
ஒருத்தி கோல் எடுப்பதுமில்லை, பரவாயில்லை.
அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கொரு மூட்டை சேர
சன்னாசியின் காசு குட்டி போட்டது.

தை பிறந்தால் கணக்காய்வாளர் கேட்பார்:
மாத்தளை பஸ் காசு, ஏழாவது வருசமுமா?
ஆள் கிடைத்தால் எல்லாம் திருப்பிக் கொடுக்கவேணும் ஐயா.
அவர் சிரித்துக்கொண்டு சரி போடுவார்.

போன மாதம் யாரோ ஒரு பொடியன்
படலையில் நின்று சன்னாசி என்று கேட்டான்.
வேறு சன்னாசி. மூன்றாம் வாய்க்கால்காரர்.
ஆனால் அந்த அரை நிமிசம்
இவன் அவனுடையவனாய் இருக்கக்கூடாதே என்று நினைத்தேனே,
அதை வரவிலா எழுத, செலவிலா?