இரண்டு சாட்சி

நிபோங் திபால் பதிவிலாகா. என் எண் நாற்பத்தேழு.
மடியில் மகனின் வரலாற்றுப் புத்தகம்.

பெல்ஜியத்துக்கு
லண்டனில் ஒரு மேசை போட்டு
ஐந்து வல்லரசுகள் கையெழுத்திட்டன.
ஜெர்மனி பிறந்தது
பிரான்சின் அரண்மனையில்.
பிரசவத்துக்குப் போயும் போயும்
எதிரி வீட்டுக் கூடம்!

எங்கள் பழைய கரும்புத் தோட்டத்து இடுகாட்டில்
பாசி சுரண்டினால் தெரியும் ஒரு கல்:
குப்பாயி, 1858.
இத்தாலி பிறக்க மூன்று வருஷம் இருக்கும்போதே
செத்துப்போனவள்.

'நாற்பத்தேழு!'
சிவப்பு ஐசியை நீட்டினேன்.
'இங்கேதான் பிறந்தீர்கள் என்பதற்கு
பார்த்தவர் இரண்டு பேர் வேண்டும்.
மருத்துவச்சி இருக்கிறாரா?'

லயத்தையே இடித்தாயிற்று.

அந்த ஐந்து பேரில்
யாராவது இரண்டு பேர்
சும்மா இருப்பார்களா என்று கேட்க வாயெடுத்து,
பாரத்தின் இன்னொரு நகல் எடுக்கப் போனேன்.
ஃபோட்டோஸ்டாட் கடையில்
சாப்பாட்டு நேரம்.