தடுத்தல் என்று நான் சொன்னது

அட்டன் தொழில் நியாயசபையில்
என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.
பழைய அழைப்பாணை ஒன்றை நான்காய் மடித்து
அதன் கீழே செருகியிருக்கிறேன்.
சிங்களத்தை வாங்கித் தமிழாய்க் கொடுப்பதும்
தமிழை வாங்கித் திருப்பிக் கொடுப்பதும் என் வேலை.
கூட்டக் கூடாது. குறைக்கக் கூடாது.
விளக்கம் சொன்னால் எழுத்தில் கேட்பார்கள்.

அன்று சிவபாக்கியத்தின் வழக்கு.
கீழ்ப் பிரிவு, செக்ரோல் எண் இருநூற்றுப் பதினொன்று.
பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப்பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.
ஜூலை மாதம் வேலைக்குப் போன இருபத்திரண்டு நாளும்
அவளுக்கு அரைப்பேர்.

தோட்டத் தரப்பு பேரேட்டை நீட்டியது.
பதினொன்று. ஒன்பதரை. பன்னிரண்டு.
எண்களில் பொய் இல்லை.

அவளுக்காக வந்த சட்டத்தரணி விஜேகோன்
கண்டியிலிருந்து முதல் பஸ் பிடித்தவர்.
சப்பாத்துச் சேறு காய்வதற்குள் எழுந்தார்.
அந்த மாதம் முழுக்க அவளை அனுப்பியது
கவ்வாத்துக்குக் காத்திருந்த ஏழாம் நம்பர் மலைக்கு.
மற்ற மலைகளுக்கு நாலரை வரை திறந்திருந்த மடுவம்
ஏழாம் நம்பருக்கு மட்டும் இரண்டரைக்கே பூட்டு.
ஜூன் கடைசியில் அவள் சங்கம் மாறியிருந்தாள்.
அதைச் சொல்லிவிட்டு
கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

பிறகு அந்தக் கோட்பாட்டுக்கு வந்தார்:
நிபந்தனை நிறைவேறாமல் தடுத்தவன்
நிபந்தனை நிறைவேறவில்லை என்று
வாதாட முடியாது.

அரசாங்கம் அச்சடித்த சொற்கோவையில்
அந்தச் சொல்லுக்கு நேரே 'தடுப்பு' என்று இருக்கிறது.
அதையே சொன்னேன்.
"இது தடுப்புப் பற்றிய விடயம்."

கூண்டின் மரத்தை அவள் கை பிடித்தது.
"தடுப்பா? என்னையாங்க?
எங்கண்ணனக் கூட்டிப்போனப்பவும்
சும்மா தடுப்புன்னுதாங்க சொன்னாங்க.
மூனு வருசம் உள்ள இருந்திச்சுங்க."

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் அதிகம் உழைத்துவிட்டது.
பிள்ளையின் தொடையில் ஏறும் ஊசி அது.
லயத்துக்குப் பின்னால் மண் இறங்காமலிருக்க
எட்டு வருடமாய்க் கடிதத்தில் மட்டும்
எழும்பிக்கொண்டிருக்கும் சுவர் அது.
நடப்பதற்கு முன்னால் நிறுத்துவது என்பார்கள்.
அவள் அண்ணனிடம் நடக்க என்ன இருந்ததென்று
இதுவரை யாரும் சொன்னதில்லை.
சட்டத்துக்குள் அது காவல்காரனாகவும் வரும்,
கள்ளனாகவும் வரும், ஒரே சட்டையில்.
இன்று வந்திருப்பது கள்ளன்,
அவளைப் பிடிக்க அல்ல, பிடிபட.
இதை விளக்கம் சொல்லாமல்
எப்படிச் சொல்வது?

தலைவர் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார்.
சொல்லிவிட்டேன்:
"கூடையப் பறிச்சு வச்சிக்கிட்டு
கொழுந்து எங்கேன்னு கேக்கக் கூடாதாம்."

அவள் என்னைப் பார்த்தாள்.
பிறகு, கோப்போடு உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளையை.
"ஆமாங்க," என்றாள்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியும்.
கூடை என்று இங்கே எவரும் சொல்லவில்லை, என்றார்.
உண்மைதான். கூட்டியிருக்கிறேன்.
பதிவிலிருந்து கூடையை நீக்கும்படி உத்தரவு.
தட்டச்சு செய்யும் ரேணுகா
ஒவ்வோர் எழுத்தாய்ப் பின்னுக்கு வந்து அழித்தாள்.
அடுத்த வரியில் இருந்த "ஆமாங்க" மட்டும்
எதற்கு ஆமாம் என்று தெரியாமல்
அப்படியே நின்றது.

மறு தவணை ஒக்டோபர் பதினாறு.
ரொட்டிப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டே
அவள் கேட்டாள்:
"இன்னைக்கு இங்க வந்ததுக்குப்
பேர் விழுங்களா?"
யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.
பெயர்க்கச் சொல்லி எனக்கு உத்தரவும் வரவில்லை.
அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.
நாற்காலி ஒருமுறை ஆடி நின்றது.