பக்கம் நூற்றுப் பன்னிரண்டு

மார்த்தாண்டம் மேம்பாலம் வளைகிற இடத்தில்
ரப்பர் ஷீட் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
காலை ஆறரைக்கே வந்துவிடுகிறார்கள் பதினோரு பேர்,
நைட் டியூட்டி முடித்த கண்களோடு.
கீழிருந்து ஏறிவரும் புளித்த வாடையில்
வேற்றுமை நடத்துகிறேன்.
அவர்களுக்கு நான்கு, நமக்கு எட்டு.
ஆனாலும் அந்த நான்கில்தான் தோற்கிறோம்.

பரீட்சைக்கு வேண்டியது கொஞ்சம்தான்:
ஹீட்டர் ஓடவில்லை என்று வீட்டுக்காரருக்கு ஒரு புகார்,
குப்பையை நான்காகப் பிரிப்பதைப் பற்றி ஒரு கருத்து.

நான் படித்த பட்டியல் வேறு.
சென்னையில், விசிறி ஓடாத ஒரு வகுப்பறையில்,
தாடி வைத்தவர்களும் மழித்தவர்களுமாய்
இருபத்திரண்டு பேர். எல்லாரும் செத்தவர்கள்.
ஒரே ஒரு பெண். அவளும் கடிதம்தான் எழுதியிருந்தாள்.
பட்டியல் போட்டது யார் என்று நான் கேட்கவில்லை.
ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனதற்கு
தாலுகா ஆபீசில் மூன்று நாள் சண்டை போட்டவள்தான் நான்.
ஆனாலும் கேட்கவில்லை.

போன மாசம் ஜெனிலா ஒரு பார்சல் அனுப்பினாள்.
சாக்லேட்டுக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் நடுவே ஒரு நாவல்.
முதல் தாளில் நீல முத்திரை: கழிக்கப்பட்டது.
ஏதோ ஒரு சிற்றூர் நூலகம்
வாசல் பெட்டியில் போட்டு ஒரு யூரோவுக்கு விற்றிருக்கிறது.
கடைசியாக இரவல் போய் எட்டு வருஷம்.
பின்னட்டையில் எழுதினவளின் படம்.
நெற்றி நம்முடையது, குடும்பப்பெயர் அவர்களுடையது.

கருங்கல் வினிஷா சத்தமாக வாசித்தாள்,
மருந்துச் சீட்டு வாசிக்கிற மாதிரி, உடைத்து உடைத்து.
இரவுப் பணி முடிந்து வந்த அம்மா
விடுதி அடுக்களையில் எதையோ அவிக்கிறாள்.
எதை என்ற இடத்தில் வினிஷா நின்றுவிட்டாள்.
மராட்... மராட்ஷி...
ஒரு ‘ச்’சுக்கு நாலு எழுத்து செலவழிக்கிற மொழி.
அகராதியில் இல்லை. போனிலும் இல்லை.
சாய்த்து அச்சிடவில்லை, அடிக்குறிப்பும் கிடையாது.
ஜன்னலோரத்திலிருந்து பெர்சி மேசையைத் தட்டினாள்:
‘எட்டி, மரச்சீனியாக்கும்!’

எத்தனை பக்கங்களில் தட்டுத்தடுமாறியிருக்கிறேன்,
ஒரு கேக்குக்காக, ஒரு பாலத்துக்காக,
ஊர் உலகத்துக்கே தெரிந்ததுபோல
அவர்கள் சொல்லாமல் விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக.
இன்றைக்கு எங்கேயோ ஒரு பேராசிரியர்
இந்த வரியில் முட்டி நின்று
கண்ணாடியைக் கழற்றித் துடைக்கட்டும்.

‘சாளைக்கறி இல்லாமலா?’ என்றான் சஜின்.
அடுத்த வரியில் மீன் இருந்தது.
டப்பா மீன், தக்காளிச் சாறில்.
அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் சிரிக்கவில்லை.

‘இவ ஏன் மேடம் தமிழ்ல எழுதல?’
‘எழுதியிருந்தா நீ வாசிச்சிருப்பியா?’
கேட்டது பெர்சி. வினிஷா பதில் சொல்லவில்லை.
நானும்தான்.

பிறகு பெரிய பிரச்சினை வந்தது.
அந்த மொழியில் பால் இல்லாமல் பெயர்ச்சொல் நிற்காது.
எழுதினவளோ பிடி கொடுக்காமல் எழுதிவிட்டாள்.
அம்மா அவித்ததால் பெண்பால் என்றார்கள் சிலர்.
மண்ணுக்குள் சும்மா கிடப்பதால் ஆண்பால் என்றாள் பெர்சி.
தின்கிற சாமானுக்கு என்ன பால் என்று மூன்று பேர்.
கேட்க ஆளில்லை. கை தூக்கச் சொன்னேன்.
ஏழுக்கு மூன்று, ஒன்று. பெண்பால்.
பலகையில் எழுதினேன்: டீ மரச்சீனி.
‘எங்க வீட்டு காலைச் சாப்பாடு’ என்றான் சஜின்.

சத்தம் கேட்டு மேனேஜர் செல்வின் எட்டிப் பார்த்தார்.
இது பரீட்சைக்கு வருமா என்று கேட்டார்.
வராது என்றேன். உண்மைதான், வராது.

பலகையை அழிக்க மறந்து போய்விட்டேன்.
சாயங்கால பேட்ச் பிள்ளைகள்
கேள்வி கேட்காமல் நோட்டில் எழுதிக்கொண்டார்களாம்,
பொருள் என்ற இடத்தைக் காலியாக விட்டு.