மூடுபனியின் ஐந்தாம் ஞாயிறு

இந்த ஞாயிறும் விமானம் வரவில்லை.
யூக்கான் கழிமுகத்தில் இது இரண்டுங்கெட்டான் மாதம்.
படகுக்கு ஆறு கெட்டியாகிவிட்டது,
பனிவண்டிக்கு இன்னும் கெட்டியாகவில்லை.
மிச்சமிருந்த வானத்தையும் மூடுபனி அடைத்துக்கொண்டது.
குருவானவர் ஏதோ ஓர் ஓடுதளத்துக் கொட்டகையில்
பூசைப் பையை மடியில் வைத்தபடி
தூங்கிப்போயிருப்பார்.

ரோசலி பெத்தேல் ஆஸ்பத்திரியில்.
மறைக்கல்வி அவள் வேலை.
எனக்குத் தெரிந்தது ஜெனரேட்டர்,
எண்ணெய் அடுப்பு,
வலையில் அறுந்த கண்ணை முடிச்சிடுவது.
"நற்கருணைப் பாடம் நிற்கக்கூடாது" என்று
கரகரத்த போனில் சொன்னாள்.
நான் பதில் சொல்வதற்குள் லைன் போனது.

பாடப்புத்தகத்தின் முதல் படம் கோதுமை வயல்.
"இந்தப் புல்லை எது மேயும்?" என்றாள் பிளாண்டினா.
அடுத்த பக்கத்தில் திராட்சைக் கொடி.
மரமே இல்லாத எங்கள் நிலத்தில்
கொடி எதைப் பற்றி ஏறும் என்று
ஐசிடோர் ஜன்னல் வழியே தேடினான்.
நானும் தேடினேன்.

புத்தகத்தை மூடிவிட்டுக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன்.
மூன்று வீடு தள்ளித்தான்.
பேழையின் கதவு திறந்து கிடந்தது.
கடைசி அப்பத்தைக் கிழவர் மொசசுக்கு
சாவுப்படுக்கையில் கொடுத்தாயிற்று.
"சிவப்பு விளக்கு எரியலையே, பல்பு போயிருச்சா?"
என் கை ஸ்க்ரூ டிரைவருக்குப் போனது உண்மை.
"இல்லை மகளே.
வீட்டில் ஆள் இல்லாதபோது விளக்கு வைப்பதில்லை."
பாதி மண்டியிட்டவன் அப்படியே நின்றான்:
"காலிப் பெட்டிக்கு முழங்கால் போடணுமா?"
தெரியவில்லை.
மூன்று பேரும் அரைகுறையாகக் குனிந்துவிட்டு வந்தோம்.

திரும்பும் வழியில்தான் கடல்நாய் நினைவுக்கு வந்தது.
போன வசந்தத்தில் ஐசிடோர் பிடித்த முதல் கடல்நாய்.
முதல் வேட்டையை வைத்துக்கொள்வது எங்கள் வழக்கமில்லை.
கறி, கொழுப்பு, தோல்,
எல்லாம் வீடு வீடாகப் போனது.
பிடித்தவன் வாயில் ஒரு துண்டுகூடப் படக்கூடாது.
அன்றிரவு போர்வைக்குள் அவன் அழுதான்.
காலையில் ஊரே அவன் பெயரைச் சொன்னது.
"அந்த மாதிரி" என்றேன்.
"எல்லோரும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று
இயேசு தன்னையே பங்கு வைத்தார்."
வெகுநேரம் பனியை மிதித்து நடந்தான்.
"அப்படின்னா அவருக்கும் பசிச்சிருக்குமா?"
இதையும் குருவானவரைத்தான் கேட்கவேண்டும்.

சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்கும் ஒரு தட்டு.
ரோசலி போன நாள்முதல்
ஐசிடோர்தான் வைக்கிறான், அவனே கழுவுகிறான்.
அவளுடைய நோட்டில் ஒரு வரி இருந்தது:
வாங்க வழியில்லாதபோது ஆசை நற்கருணை.
"ஆசைன்னா?" என்றாள் சின்னவள்.
நான் வாய் திறக்குமுன்
அவள் கண் அந்தத் தட்டுக்குப் போய்விட்டது.

டப்பாவில் பைலட் ரொட்டி.
வட்டமாக, பல்லுடைக்கும் கெட்டியாக.
"பைலட் வரலைன்னா பைலட் ரொட்டி" என்று சிரித்தான்.
அப்புறம் சிரிக்காமல் கேட்டான்:
"நீயே செய்யேன் அப்பா.
வார்த்தையெல்லாம் உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும்.
நாற்பது வருஷமாகக் காதில் விழுந்தவை.
"வார்த்தை என்னிடம் இருக்கிறது, வரம் இல்லை.
இது வெறும் ரொட்டிதான். வெண்ணெய் எடு."

உடைத்தேன்.
சத்தம் அடுப்பையும் மீறிக் கேட்டது.
மூன்று பங்கு; ஒரு துண்டு அவள் தட்டில்.
தின்று முடித்ததும் பிளாண்டினா
விரலை நாக்கில் நனைத்து
மேசைவிரிப்பில் சிந்திய துகள்களை
ஒவ்வொன்றாக ஒற்றியெடுத்தாள்.
திருப்பலியில் குருவானவர் செய்வதைப் பார்த்திருக்கிறாள்.

இதற்கு அது தேவையில்லை என்று
சொல்ல வாயெடுத்தேன்.
வெளியே மூடுபனி.
கடைசித் துகள் வரை காத்திருந்தேன்.