ஒரு மூட்டை எட்டணா

மாதத்தின் முதல் செவ்வாய்
மன்னார்குடிக் கிளைக்குப் போவேன்.
காசாளர் அமலோற்பவம் தலை நிமிராமலே கேட்பார்:
"அந்த எழவு இன்னும் வேணுமா ஒனக்கு?"
வேணும் என்பேன்.
ஆயிரத்து இருநூற்றைம்பதை நோட்டாகக் கட்டி
இரண்டாயிரத்து ஐந்நூறு எட்டணாவைத்
தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்குவேன்.

செல்லும் என்றுதான் சட்டம்.
டீக்கடையில் சொல்லிப் பாருங்கள்.
உண்டியல் ஒன்றுதான்
மறுபேச்சில்லாமல் வாங்குகிறது.
எண்ணுகிற நாளில் அது கோணிக்குப் போகும்,
கோணி வங்கிக்கு,
வங்கியிலிருந்து பெட்டகத்துக்கு,
பெட்டகம் கேட்கிற கிளைக்கு அனுப்பும்.
கேட்கிற ஆள் இந்த வட்டாரத்தில்
நான் ஒருவன்தான் என்றிருந்தேன்.

பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை எனக்கு.
கரண்ட் போன மதியங்களில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்
தரையில் கொட்டுவேன்.
பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றிக்
குவியல் மேல் ஓட்டினால்
எஃகுக் காசெல்லாம் குளவிக்கூடு மாதிரி தொங்கும்.
ஒட்டாமல் கிடப்பதுதான் எனக்கு:
செம்பும் நிக்கலும் கலந்த பழசு.
மூட்டைக்கு நாலு. சில மூட்டையில்
அதுவும் இல்லை.

ஒட்டியதையும் சும்மா விடுவதில்லை.
வருஷத்துக்குக் கீழே பார்க்க வேண்டும்.
வைரம் என்றால் பம்பாய், நட்சத்திரம் ஹைதராபாத்,
புள்ளி நொய்டா,
ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா.
உப்பளத்துப் பக்கம் கிடந்த காசென்றால்
அரித்த விளிம்பே ஊரைச் சொல்லிவிடும்.

மிச்சத்தை வாங்கின இடத்திலேயே கட்டக் கூடாது,
அதுவே சுற்றி வரும்.
முத்துப்பேட்டைக்கு பஸ் ஏறுவேன்.
கண்டக்டர் மூட்டைக்கும் டிக்கெட் கிழிப்பார்.

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாய்ப் பிரிகிறது.
எந்த மடை எந்த வயலுக்கென்று
லஸ்கருக்குத் தெரியும்.
எந்தக் காசு எந்த வழியில் போகிறதென்று
எவருக்குத் தெரியும்?
காயிலுக்குப் பூசும் சிவப்பு வார்னிஷைத் தொட்டு
தொண்ணூறாம் வருஷ நட்சத்திரக் காசு பத்தில்
விளிம்போரம் பொட்டு வைத்து அனுப்பினேன்.
தப்புதான்.

பதினாலு மாதம் ஒன்றையும் காணோம்.
மேட்டூர் திறந்தார்கள், மூடினார்கள்,
குறுவை போய்த் தாளடியும் அறுத்தார்கள்.
பிறகு ஒரு மதியம்
ஒன்று வந்தது.
சிவப்புக்குப் பக்கத்தில்
நீலமாய் இன்னொரு பொட்டு.

மையில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்,
படகுக்கு அடிக்கிற பெயின்ட்.

அன்றைக்கு வேறெதையும் எண்ணவில்லை.
கீழே எங்கேயோ இன்னொரு தரையில்
கொட்டிக் குனிந்திருக்கிற ஒருவர்
என் காசைக் கண்டு
பதில் போட்டிருக்கிறார்.
அமலோற்பவத்திடம் விசாரித்தேன்.
"ஒன்னை மாதிரி ஒருத்தன் போதும், சாமி."

போன மூட்டையில்
காந்தத்தில் ஒட்டாமல் கிடந்தது ஒன்றே ஒன்று.
எண்பத்தாறு. மீன்வளக் காசு.
ஆறு வருஷமாய்த் தேடுகிறேன் அதை.
திருப்பினேன்.
விளிம்பில் நீலம்.

இதைத் தேடுகிற எவனும்
கைக்கு வந்த பின் விடமாட்டான்.
விட்டிருக்கிறான்.
அல்லது, விட்டிருக்கிறாள்.

என்னிடம் இரட்டையாக எதுவும் கிடையாது.
எண்பத்தைந்தின் ரிசர்வ் வங்கிப் பொன்விழாக் காசு
ஒன்றுதான், மாத்திரை டப்பாவில், பஞ்சு வைத்து.
டப்பாவை இரண்டு நாள் மேஜை மேலேயே வைத்திருந்தேன்.
மூன்றாம் நாள் சிவப்பு வைத்து
காயும்வரை ஊதிக்கொண்டிருந்தேன்.
ஒரு மீன் போய் ஒரு பொன்விழா வந்ததில்
மூட்டையின் கணக்கு மாறவில்லை.

முத்துப்பேட்டையில் கவுன்ட்டர்ப் பையன்
மெஷினில் கவிழ்த்தான்.
கடகடவென்று விழுங்கிற்று.
எஃகு சத்தத்துக்கு நடுவே
நிக்கல் விழுகிற சத்தம் வேறாய்க் கேட்கும் என்று
காது கொடுத்து நின்றேன்.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு. சரியா இருக்கு சார்."
இன்னும் நின்றேன்.
"வேறென்ன சார்?"
சலானை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன்.