கவடு

திபிலிசியில், மூன்றாம் மாடி நடைபாதையில்
லமாரா ஒரு தாளை ஏந்திப் போகிறாள்,
தூங்கும் பிள்ளையைப் படுக்கை மாற்றுகிறவள் போல.

தாளில் தைத்த தாமரை.
அஸ்திரகான் கழிமுகத்தில்
முப்பத்துநான்காம் வருடம் பறித்தது.
இதழ்கள் தேயிலை நிறமாகிவிட்டன.
தைத்த நூல் மட்டும் வெள்ளையாகவே இருக்கிறது.

இத்தனை நாளும் அல்லிகளின் அலமாரியில் கிடந்தது.
ஒரே குளம், ஒரே சேறு,
தட்டுத் தட்டாய் இலை.
உறவில்லை என்று யார் சொல்வார்?

போன வாரம் சுற்றறிக்கை வந்தது:
இனி இது சினார் மரத்தோடு.

"எந்த சினார்?
பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறதே,
பட்டை உரிந்து, சொறி பிடித்தவன் போல, அதா?"
என்றான் அடுத்த மேசை வாழா.
"அதேதான்."
"அது தண்ணீரையே பார்த்ததில்லையே."
"நீயும்தான் உன் தாத்தாவைப் பார்த்ததில்லை."

முகம் பொய் சொல்லும்.
குளம் யாரையும் தன் சாயலில் வனைந்துவிடும்.
உயிரணுவுக்குள்
நான்கே எழுத்தில் எழுதிய நீளக் கதையில்
இருவரும் ஒரே இடத்தில் செய்த
ஒரே பிழைதான் சாட்சி.

தரேஜானை நினைத்துக்கொள்கிறாள்.
ரொட்டிக் கடைக்காரி இன்றுவரை கேட்கிறாள்:
"அக்கா வரலையா?"
அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை.
மின்சாரம் இல்லாத அந்தக் குளிர்காலங்களில்
ஒரே மாடிப்படி,
ஒரே மண்ணெண்ணெய் அடுப்பின் புகை.
இருமல்கூட ஒன்றாகிப்போனது.

தெங்கிஸோ
நெட்டை, செம்பட்டை, இடக்கை.
அப்பா வீட்டை விற்ற பணத்தோடு
ருஸ்தாவிக்குப் போனவன்.
பதினோரு வருடம்.
ஒரே வயிறு என்று
கோவிலில் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம்
ஒரு விதி படித்தாள்:
ஒரு மூதாதை,
அதிலிருந்து வந்த அத்தனை பேரும்.
அதுதான் குலம்.
பறக்கப் போனதென்று பறவையை விட்டுவிட்டு
பல்லியையும் முதலையையும் மட்டும் கூட்டிவைத்தால்
அது குலமாகாது,
நமக்குப் பிடித்தவர்களின் பட்டியல்.

அன்று அது பரீட்சைக்கான வரி.

அந்த மூதாதைக்குப் பெயரில்லை.
யாரும் அதைப் பறித்துத் தாளில் தைக்கவில்லை.
பூ எப்படி, கனி எப்படி, தெரியாது.
வரைபடத்தில் அது ஒரு கவடு மட்டும்:
இரண்டு கோடு பிரிகிற இடம்.
பிரிந்த இடம்தான்
சேர்ந்திருந்ததற்கு இருக்கிற ஒரே அத்தாட்சி.

சினார் அலமாரியில் நாப்தலின் நெடி.
விரித்த கை போன்ற இலைகளுக்கு மேலே
தாமரையை வைத்தாள்.
காம்பு நீளம். கதவு மூடவில்லை.
தோள் கொடுத்து அழுத்த வேண்டியிருந்தது.

புதுச் சீட்டு ஒட்டினாள்.
பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது, அது இங்கே வழக்கம்.
யார், எந்த வருடம், எப்படித் தவறாக நினைத்தார்கள்
என்பதும் இருக்க வேண்டும்.

மாலை, நிறுத்தத்தில்,
கைப்பேசியைத் திறந்தாள்.
தெங்கிஸின் எண்ணுக்கு அவள் வைத்த பெயர்
'வீட்டு வழக்கு'.
அதை அழிக்கவில்லை.
பக்கத்தில் 'அண்ணன்' என்று சேர்த்தாள்.
கூப்பிடவும் இல்லை.

காற்றில் சினார்க் காய் உடைந்து
பஞ்சு பறந்தது.
தாமரையின் சொந்தக்காரன்
மூக்கில் ஏறிக்கொண்டான்.
இரண்டு தும்மல்.
மூன்றாவதற்குள் பேருந்து வந்துவிட்டது.